நோயாளியைக் கூப்பிட்டு உட்கார வெச்சு என்னத்தக் கிழிச்சீங்க?

தலைப்பைப் பார்த்துட்டு யாரும் டென்ஷன் ஆக வேண்டாம் மக்களே. இது என் கேள்வி இல்லை. மருத்துவ ஆராய்ச்சி உலகத்துல பெரிய இடத்துல இருக்கிறவங்க ரொம்ப நாகரிகமான பாஷையில கேட்டுக்கிட்டு இருக்கிற கேள்வி. "ஆராய்ச்சியில் பொதுமக்களை ஈடுபடுத்துவதன் தாக்கத்தை மதிப்பிடுதல்" என்று அதற்கு ஒரு பேரு வெச்சிருக்காங்க. கட்டுரை கட்டுரையா எழுதறாங்க, கருத்தரங்கு நடத்தறாங்க, படிவம் அச்சடிக்கிறாங்க. அந்த அலங்காரத்தை எல்லாம் கழட்டி வெச்சுட்டுப் பார்த்தா மிச்சம் நிக்கிறது நான் வெச்ச தலைப்பு தான்.

இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. கண்டிப்பா கேட்கணும். ஆனா இப்போ கேட்கிற விதம் தப்பு, பதிலை அளக்க எடுத்துக்கிட்டு வர்ற படி அதைவிடத் தப்பு. அதைத்தான் கொஞ்சம் விலாவாரியா பேசப் போறேன். பதிவு நீளம் ஜாஸ்தி. காபி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். மருந்துச் சோதனையில் கையை நீட்டி ஊசி போட்டுக்கறது வேற. எந்த நோய்க்கு ஆராய்ச்சி, என்ன கேள்வி, எதை அளக்கறது, எப்படி அளக்கறது என்று முடிவு பண்ற இடத்தில் கூட உட்கார்ந்து பேசறது வேற. முதல்ல சொன்னதுல நீங்க சோதிக்கப்படுற உடம்பு. ரெண்டாவதுல நீங்க யோசிக்கிற ஆளு. பிரிட்டனில் 1996-ல் இதுக்குன்னே அரசாங்கக் காசுல ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. பின்னாடி அதுக்கு 'இன்வால்வ்'னு பேரு வந்து, 2020 வரைக்கும் அந்தப் பேருல இயங்கிச்சு. அவங்க கொடுத்த விளக்கத்தைச் சுருக்கமா சொன்னா, மக்கள் மேலயோ, மக்களைப் பத்தியோ, மக்களுக்காகவோ நடத்தற ஆராய்ச்சி இல்ல இது. மக்களோட சேர்ந்தோ, மக்களே செய்தோ நடக்கிற ஆராய்ச்சி. அமெரிக்காவுல 2010-ல் வந்த ஒபாமா சட்டத்தின் கீழே 'பிகோரி'ன்னு ஒரு நிறுவனமே உருவாச்சு. அங்கே பணம் கேட்டுப் போற ஆராய்ச்சியாளர், நோயாளிகளை எப்படிச் சேர்த்துக்கிட்டேன்னு சொல்லித்தான் ஆகணும்.

ஆக, காசு செலவாகுது. காசு செலவானா கணக்கு கேட்பாங்க. நியாயம் தான். ஆனா என்ன கணக்கு?

ஒரு கதை சொல்றேன். நிஜக்கதை.

முடக்குவாதம் தெரியும்ல? காலையில எழுந்தா விரல் மடங்காது, மணிக்கட்டு வீங்கிக் கிடக்கும். இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறவங்க, மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு எதை வெச்சுச் சொல்றது? ஆளுக்கு ஒண்ணா அளந்துக்கிட்டு இருந்ததால, 1990-களின் ஆரம்பத்துல 'ஓமராக்ட்'னு ஒரு சர்வதேசக் குழு கூடி ஒரு பட்டியல் போட்டது. வீங்கின மூட்டு எத்தனை, தொட்டா வலிக்கிற மூட்டு எத்தனை, வலி எவ்வளவு, அன்றாட வேலை செய்ய முடியுதா, ரத்தத்துல ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எவ்வளவு, ஒட்டுமொத்தமா எப்படி இருக்குன்னு நோயாளி சொல்றது, அதையே டாக்டர் சொல்றது. மொத்தம் ஏழு. நல்ல பட்டியல். உட்கார்ந்து போட்டவங்க எல்லாரும் உலகத்தரம் வாய்ந்த நிபுணர்கள். அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

2002-ல் ஆஸ்திரேலியாவில் அந்தக் குழு கூடினப்போ முதல் தடவையா நோயாளிகளையும் கூப்பிட்டாங்க. பத்துப் பன்னிரண்டு பேர் தான். அவங்க வந்து உட்கார்ந்து பட்டியலைப் பார்த்துட்டு, "அசதி எங்கே சார்?"னு கேட்டாங்க. வேலை செஞ்சு களைச்சுப் போறது இல்லை. ராத்திரி தூங்கி எழுந்தாலும் அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்கிற அசதி. வலிக்கு மாத்திரை இருக்கு, இந்த அசதி தான் வாழ்க்கையைத் தின்னுதுன்னு சொன்னாங்க. நிபுணர்கள் அதுவரைக்கும் அதைப் பெரிசா எடுத்துக்கவே இல்லை. நோய் இருந்தா களைப்பு இருக்கத்தானே செய்யும்னு விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் ஆராய்ச்சி நடந்தது. 2006-ல் அதே குழு, முடக்குவாதச் சோதனைகளில் அசதியையும் சேர்த்து அளக்கணும்னு பரிந்துரை பண்ணினது.

யோசிச்சுப் பாருங்க. எத்தனை வருஷமா, எத்தனை மருந்துச் சோதனைகள், எத்தனை கோடி டாலர். நோயாளியைப் போட்டு வாட்டற முக்கியமான ஒரு விஷயத்தை அளக்காமலே "இந்த மருந்து நல்லா வேலை செய்யுது"ன்னு எழுதியிருக்காங்க. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு அறையில வந்து உட்கார்ந்த பிறகு தான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

இப்போ நம்ம மதிப்பீட்டு மகானுபாவர்கள் வந்து கேட்கிறாங்க: "சரி, இதோட தாக்கம் எத்தனை சதவீதம்?"

அய்யா சாமி, அளவுகோலையே மாத்தினவங்களை எந்த அளவுகோலால அளப்பீங்க?

இது ஏதோ ஒரு நோயில் நடந்த ஒரு விபத்துன்னு நினைச்சிடாதீங்க. 2000-ல் லான்செட் இதழில் முழங்கால் தேய்மானம் பத்தி ஒரு ஆய்வு வந்தது. அந்த நோய்க்கு நடந்த ராண்டமைஸ்டு சோதனைகளில் 80 சதவீதத்துக்கு மேல மருந்து சம்பந்தப்பட்டது. நோயாளிகளைக் கேட்டா, மருந்து பத்தி இன்னும் ஆராய்ச்சி வேணும்னு சொன்னவங்க 9 சதவீதம். மத்தவங்க கேட்டது வேற. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையைப் பத்திக் கேட்டாங்க, இந்த வலியோட எப்படிப் பொழைக்கிறதுன்னு சொல்லிக்கொடுங்கன்னாங்க. பந்தியில உட்கார்ந்தவன் தண்ணி தண்ணின்னு கத்தறான், பரிமாறுறவர் பத்தாவது தடவையா ஜாங்கிரியோட வந்து நிக்கிறார்.

பதினஞ்சு வருஷம் கழிச்சாவது மாறிச்சான்னு பார்த்தா, அதுவும் இல்லை. பிரிட்டனில் 'ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ்'னு ஒரு ஏற்பாடு 2004-ல் ஆரம்பிச்சது. ஒரு நோயை எடுத்துக்கிட்டு நோயாளிகள், அவங்களைப் பார்த்துக்கறவங்க, டாக்டர்கள் மூணு பேரும் சமமா உட்கார்ந்து, விடை தெரியாத கேள்விகளில் முக்கியமான பத்தைப் பொறுக்குவாங்க. இப்படி 14 நோய்களுக்குப் போட்ட பட்டியல்களையும், நிஜமா நடக்கிற சோதனைகளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு 2015-ல் ஒப்பிட்டாங்க. மக்களும் டாக்டர்களும் சேர்ந்து கேட்ட சிகிச்சைகளில் மருந்து, தடுப்பூசி வகையறா 18 சதவீதம். கம்பெனி சாராத சோதனைகளில் அது 37 சதவீதம். மருந்துக் கம்பெனிகள் நடத்தற சோதனைகளில் 86 சதவீதம்.

கம்பெனிக்காரன் மருந்து விக்கத்தான் சோதனை பண்ணுவான், அதுல ஆச்சரியம் இல்லை. அந்த 37 இருக்கு பாருங்க, அதுல கணிசமான பங்கு மக்கள் வரிப்பணம், நன்கொடைப் பணம். அதுவே கேட்டதுக்கு ரெண்டு மடங்கு அந்தப் பக்கம் சாயுது. மருத்துவ ஆராய்ச்சியில் போடற காசுல 85 சதவீதம் வீணாப் போகுதுன்னு 2009-ல் இயன் சால்மர்ஸும் பால் கிளாசியோவும் ஒரு மதிப்பீடு எழுதினாங்க. காசு ஒழுகுற ஓட்டைகளை வரிசைப்படுத்தும்போது அவங்க முதல்ல வெச்சது எதை தெரியுமா? தப்பான கேள்வி. நோயாளிக்கும் டாக்டருக்கும் தேவைப்படாத கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது.

சரி, "எண்ணுல காட்டு" கோஷ்டிக்கு வருவோம். எண்ணும் இருக்குங்க. 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. சோதனையில் ஆள் சேர்க்கிறதுக்கு பொதுமக்கள் ஈடுபாடு உதவுதான்னு பார்த்தாங்க. உதவுது, ஆனா கொஞ்சம் தான். ஆட்ஸ் விகிதம் 1.16. அதாவது ஒருத்தர் சோதனையில் சேர்றதுக்கான சாத்தியம் லேசா ஏறுது. அதே ஆய்வுல இன்னொரு தகவல் இருக்கு. அந்த நோயை அனுபவிச்சவங்களே ஈடுபட்ட இடங்களைத் தனியாப் பிரிச்சுப் பார்த்தா 3.14. மத்த இடங்களில் 1.07. இது துணைக்குழு அலசல், அதனால ரொம்பத் துள்ளிக் குதிக்கக் கூடாதுங்கறதும் எனக்குத் தெரியும்.

இந்த 1.16-ஐ வெச்சுக்கிட்டு "பார்த்தீங்களா, ஒண்ணும் பெரிசா இல்லை"ங்கறவங்க ஒரு பக்கம். "பார்த்தீங்களா, பலன் இருக்கு"ன்னு விசிலடிக்கிறவங்க இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க. இந்த எண் எதை அளக்குது? சோதனையில் ஆள் சேர்றதுக்கான சாத்தியம் எவ்வளவு ஏறிச்சுங்கறதை. கேள்வி சரியான கேள்வியான்னு இது அளக்கலை. தப்பான ஊருக்குப் போற பஸ்ஸுல சீக்கிரமா சீட் ரொம்பிடுச்சுன்னா அது சாதனையா? நோயாளிகள் வந்து "இந்தச் சோதனையே வேண்டாம், இதனால எங்களுக்குப் பிரயோசனம் இல்லை"ன்னு சொல்லி, ஆராய்ச்சியாளர் அதைக் கேட்டுக் கைவிட்டார்னு வெச்சுக்கோங்க. எவ்வளவு காசு மிச்சம், எத்தனை பேர் உடம்பு மிச்சம்! ஆனா இந்தக் கணக்குல அது பூஜ்யம். நடக்காத சோதனைக்கு ஆட்ஸ் விகிதம் போட முடியாதே.

இன்னொரு விஷயம் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் மூட்டுது. ஆராய்ச்சிக் குழுவில் புள்ளியியல் நிபுணர் இருக்கார். பேராசிரியர் இருக்கார். பொருளாதார நிபுணர் இருக்கார். "பேராசிரியரைச் சேர்த்த குழு, சேர்க்காத குழு"ன்னு சீட்டு குலுக்கிப் போட்டு சோதனை பண்ணி, அவரால எத்தனை சதவீதம் பலன்னு யாராவது கேட்டாங்களா? கேட்க மாட்டாங்க. அவர் இருக்கிறது இயல்பு. அவர் மூணு மீட்டிங்ல தூங்கினாலும் இயல்பு தான். நோயாளி ஒருத்தர் வந்து உட்கார்ந்தா மட்டும் "இவரால என்ன லாபம்? ஆதாரம் இருக்கா?" மாமியார் உடைச்சா மண்குடம், மருமகள் உடைச்சா பொன்குடம். யாருக்கு ஆதாரம் கேட்கறோம், யாருக்குக் கேட்காம விடறோம்ங்கறதுலயே யாரு வீட்டுக்காரங்க, யாரு விருந்தாளின்னு தெரிஞ்சு போகுது.

நோயாளி பக்கம் பேசறேன்னு இன்னொரு கோஷ்டியை விட்டுடப் போறதில்லை. இவங்க 'டிக்' அடிக்கிற கோஷ்டி. விண்ணப்பப் படிவத்துல "பொதுமக்களை ஈடுபடுத்தினீர்களா?"ன்னு ஒரு கட்டம் இருக்கும். ஆமாம்னு டிக். எத்தனை கூட்டம்? மூணு. எத்தனை பேர்? எட்டு. எல்லாரும் திருப்தியா? திருப்தி. டீ, பிஸ்கட் கொடுத்தீங்களா? கொடுத்தோம். மதிப்பீடு ஓவர்.

நம்ம ஊரு கிராமசபைக் கூட்டம் சில இடத்துல எப்படி நடக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீர்மானம் எல்லாம் முன்னாடியே எழுதி ரெடியா இருக்கும். நோட்டுல கையெழுத்து வாங்குவாங்க. இத்தனை பேர் கலந்துக்கிட்டாங்கன்னு அறிக்கை போகும். அந்த அறிக்கையை மட்டும் வெச்சுப் பார்த்தா நாட்டுல ஜனநாயகம் பொங்கி வழியுது.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன்னு ஒரு அம்மா 1969-லயே இதை எழுதிட்டாங்க. அமெரிக்க நகரத் திட்டங்களைப் பத்தின கட்டுரை அது. மக்கள் பங்கேற்புங்கறதை எட்டுப் படி இருக்கிற ஏணியா வரைஞ்சாங்க. அடிப்படியில் மக்களை ஏமாத்தி ஆட்டி வைக்கிறது. உச்சிப்படியில் மக்கள் கையிலயே கட்டுப்பாடு. நடுவுல தகவல் சொல்றது, கருத்துக் கேட்கிறது, ஆறுதலுக்கு நாலு பேரைச் சேர்த்துக்கறது. அதிகாரம் கை மாறாத பங்கேற்பு வெறும் சடங்குன்னு அவங்க சொன்னது, அரை நூற்றாண்டுக்கு மேல ஆகியும் அப்படியே நிக்குது.

இந்த டிக் எவ்வளவு ஆபத்துன்னு காட்ட ஒரு உதாரணம். மறுபடியும் அசதி பத்தினது தான், ஆனா வேற நோய்.

எம்.ஈ. அல்லது சி.எஃப்.எஸ்.ன்னு ஒரு நோய். நாள்பட்ட கடும் களைப்பு. கொஞ்சம் உழைச்சாலும் நாள்கணக்கா படுக்கையில தள்ளிடும். இதுக்கு பிரிட்டனில் 'பேஸ்'னு ஒரு பெரிய சோதனை நடந்தது. 641 நோயாளிகள். முழுக்க அரசாங்கப் பணம். 2011-ல் லான்செட்டில் முடிவு வந்தது: படிப்படியா உடற்பயிற்சியைக் கூட்டறதும், சி.பி.டி.ங்கற மனநலப் பயிற்சியும் பலன் தருதுன்னு. குணமானவங்க எத்தனை பேர்னு 2013-ல் இன்னொரு கட்டுரை. இந்த ரெண்டு சிகிச்சையிலும் 22 சதவீதம் குணம்.

இந்தச் சோதனையை வடிவமைக்கும்போது ஒரு நோயாளிகள் அமைப்பும் கூட இருந்தது. ஆக, "ஈடுபடுத்தினீர்களா?" ஆமாம். டிக்.

ஆனா நோயாளிகள் கட்டுரையைப் படிச்சுட்டுக் கொந்தளிச்சாங்க. உடல் இயக்கத்தை 0-லேர்ந்து 100 வரைக்கும் ஒரு அளவில் அளந்திருந்தாங்க. கூட இருந்தா நல்லது. சோதனையில் நோயாளியா சேர 65 அல்லது அதுக்குக் கீழே இருக்கணும். முடிவுல 'இயல்பு நிலை'ன்னு கணக்கு வெச்சது 60-ம் அதுக்கு மேலயும். அதாவது 65 எடுத்து நோயாளியா உள்ளே வந்தவர், ஒரு வருஷம் சிகிச்சை எடுத்து 60-க்கு இறங்கினாலும் அந்த ஒரு அளவைப் பொறுத்தவரை அவர் இயல்பு நிலை! முதல்ல போட்ட திட்டத்துல குணம்னு சொல்ல 85 இருக்கணும்னு எழுதியிருந்தது. நடுவுல மாத்திட்டாங்க. ஆராய்ச்சியாளர்கள் அதுக்குக் காரணம் சொன்னாங்க, தங்கள் முடிவுல உறுதியாவும் நின்னாங்க. அதையும் சொல்லிடறேன்.

நோயாளி ஒருத்தர் தகவல் அறியும் சட்டத்துல தரவைக் கேட்டார். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் தர மாட்டேன்னது. தகவல் ஆணையர் கொடுன்னார். பல்கலைக்கழகம் மேல்முறையீடு போனது. 2016-ல் தீர்ப்பாயம், கொடுத்துத்தான் ஆகணும்னு சொல்லிடுச்சு. வெளியே வந்த தரவை எடுத்து, பழைய திட்டப்படியே நோயாளிகளும் சில கல்வியாளர்களும் கணக்குப் போட்டாங்க. 22 சதவீதம்னு சொன்னது சி.பி.டி.யில் 7, உடற்பயிற்சியில் 4 என்று இறங்கிச்சு. இந்தச் சிறப்புச் சிகிச்சை எதுவும் இல்லாம சாதாரண மருத்துவம் பார்த்தவங்க 3. 2021-ல் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு புது வழிகாட்டுதல் எழுதினப்போ, படிப்படியா கூட்டற உடற்பயிற்சியை இந்த நோய்க்குக் கொடுக்க வேண்டாம்னு சொன்னது. அந்தக் குழுவுல நோயோட வாழறவங்களும் இருந்தாங்க. டாக்டர்களில் ஒரு பகுதியினருக்கு இன்னமும் இதுல உடன்பாடு இல்லை. சண்டை ஓயலை.

என் பாயிண்ட் என்னன்னா, உள்ளே கூப்பிட்டு உட்கார வெச்ச ஈடுபாட்டுக்கு டிக் விழுந்தது. முடிவெடுத்த பிறகு, கூப்பிடாமலே, படுத்த படுக்கையில இருந்துக்கிட்டு சட்டத்தைப் படிச்சு மல்லுக்கட்டின நோயாளிகள் தான் நிஜமான மாற்றத்தைக் கொண்டு வந்தாங்க. அதுக்கு எந்தப் படிவத்துலயும் கட்டம் கிடையாது. தாக்கத்தை மதிப்பிடறேன்னு கிளம்பினா, முதல் வகையை மட்டும் எண்ணிட்டு ரெண்டாவதைத் 'தொல்லை'ன்னு ஒதுக்கறீங்களே, இது என்ன மதிப்பீடு?

முடக்குவாதத்தையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டு இடத்துலயும் நோயாளிகள் தரப்பு இருந்தது. முதல் இடத்துல அவங்க சொன்னது ஏற்கனவே இருந்த ஒரு முடிவை மாத்தினது. ரெண்டாவது இடத்துல முக்கியமான அளவு மாறினப்போ அதைத் தடுத்து நிறுத்தற பலம் நோயாளிகள் யார் கையிலும் இல்லை. தலையை எண்ணினா இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

மூணாவதா ஒரு கோஷ்டி இருக்காங்க. என் நண்பர்களே நிறையப் பேர் இதுல. "இது மக்களோட உரிமை. உரிமைக்குப் போய்த் தாக்கம் அளப்பாங்களா? ஓட்டுப் போடறதால என்ன லாபம்னு கேட்பீங்களா?"ன்னு கேட்பாங்க. பாதி ஒத்துக்கறேன். ஈடுபாடு உரிமை தான். பலன் இல்லைன்னு ஒரு ஆய்வு வந்தா நோயாளியை வெளியே அனுப்பிடலாமான்னு கேட்டா, கூடாது. ஆனா மதிப்பீடே வேண்டாம்னு சொன்னா யாருக்கு வசதி? அந்த டிக் அடிக்கிறவனுக்குத்தான். வாக்குரிமையைக் கேள்வி கேட்க வேண்டாம், சரி. கள்ள ஓட்டு விழுந்ததான்னு பார்க்கணுமா வேண்டாமா?

அப்புறம் வழக்கமான ஒரு இடி இருக்கு. நோயாளிக்கு ஆராய்ச்சி பத்தி ஒண்ணும் தெரியாதே, அவர் என்ன சொல்லிடப் போறார்ங்கறது ஒண்ணு. சரின்னு அவர் படிச்சு, பயிற்சி எடுத்து, புள்ளியியல் எல்லாம் கத்துக்கிட்டு வந்தா, "இவர் இப்போ சாதாரண நோயாளியே இல்லை, எல்லாரையும் இவர் எப்படிப் பிரதிநிதித்துவம் பண்ண முடியும்?"ங்கறது இன்னொண்ணு. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. குழுவில் இருக்கிற இதய நிபுணர் நாட்டுல இருக்கிற எல்லா இதய நிபுணர்களுக்கும் பிரதிநிதியான்னு யாரும் கேட்கிறதில்லை. தெரிஞ்சதைச் சொல்றார்னு கேட்டுக்கறோம். நோயாளிக்கும் அதே மரியாதை போதும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரு பிரச்சினை, நமக்கென்னங்கறீங்களா? நம்ம நாட்டுல 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகளின்படி, ஒவ்வொரு நெறிமுறைக் குழுவிலும் குறைந்தது ஏழு பேர் இருக்கணும். அதில் ஒருத்தராவது மருத்துவம் சாராத சாமானியரா இருக்கணும். நல்ல விதி. ஆனா கவனிங்க, அந்தக் குழு முன்னாடி வர்றது ஏற்கனவே எழுதி முடிச்ச ஆராய்ச்சித் திட்டம். சாமானியர் அங்கே காவல் காக்கலாம். கேள்வியைத் தேர்ந்தெடுக்கிற இடம் அது இல்லை. ஆர்ன்ஸ்டீன் ஏணியில் அது எந்தப் படின்னு நீங்களே பார்த்துக்கோங்க.

மக்களைக் கலக்காம இறங்கினா என்ன ஆகும்ங்கறதுக்கும் நம்மகிட்ட உதாரணம் இருக்கு. 2009-ல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 20,000-க்கும் மேற்பட்ட சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு செயல்விளக்கத் திட்டம் நடந்தது. அமெரிக்காவின் 'பாத்' தொண்டு நிறுவனம், ஐ.சி.எம்.ஆர்., மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து நடத்தினது. விடுதியில் தங்கிப் படிச்ச பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இடத்தில் வார்டன்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தது வெளியே வந்தது. 2010 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தினாங்க. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையா கண்டிச்சு அறிக்கை கொடுத்தது. அந்தச் சமயத்துல நடந்த சில மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம்னு விசாரணையில் தெரிய வரலை. தடுப்பூசியும் உலகம் முழுக்கப் பயன்படற நல்ல தடுப்பூசி தான். ஆனா என்ன பிரயோசனம்? அதோட பேரைச் சொன்னாலே சந்தேகமா பார்க்கிற நிலைமை வந்துடுச்சு. ஆரம்பத்துலயே அந்த ஊரு அம்மாக்கள் நாலு பேரைக் கூட உட்கார வெச்சுப் பேசியிருந்தா, "எங்க பிள்ளைக்கு நாங்க இல்ல கையெழுத்துப் போடணும்?"னு முதல் நிமிஷத்துலயே கேட்டிருப்பாங்க. அந்த ஒரு கேள்வியோட மதிப்பு என்னன்னு யாராவது கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

திட்டிட்டு மட்டும் போகக் கூடாது. அப்போ எப்படித்தான் மதிப்பிடறதுன்னு கேட்பீங்க. நான் கேட்கிறது நாலே நாலு தான்.

1. எந்த முடிவு மாறிச்சு? கூட்டம் நடந்ததுக்கு முன்னாடி திட்டம் இப்படி இருந்தது, பின்னாடி இப்படி ஆச்சுன்னு எழுதிக் காட்டுங்க. ஒண்ணுமே மாறலைன்னா அதையும் எழுதுங்க. 2017-ல் வந்த 'கிரிப் 2'ங்கற அறிக்கை வழிகாட்டி, எது சரியா போச்சு எது சொதப்பிச்சுங்கறதையும் எழுதச் சொல்லுது. அதை ஒழுங்கா நிரப்பினாலே பாதிக் கிணறு தாண்டிடலாம்.

2. அவங்க சொல்லி நீங்க ஏத்துக்காதது எது? ஏன் ஏத்துக்கலை? எல்லாத்தையும் ஏத்துக்கணும்னு இல்லை. நோயாளி சொல்றதும் தப்பா இருக்கலாம். காரணத்தை எழுதி அவங்களுக்கே திருப்பிச் சொன்னீங்களாங்கறது தான் கேள்வி.

3. எப்போ கூப்பிட்டீங்க? கேள்வியை முடிவு பண்றதுக்கு முன்னாடியா, இல்லை காசு வந்து, படிவம் அச்சடிச்ச பிறகு "இதுல தமிழ் எளிமையா இருக்கா பாருங்க"ன்னு கேட்கவா?

4. மார்க் போடறது யாரு? இப்போ ஆராய்ச்சியாளரே தன்னோட ஈடுபாட்டுக்குத் தானே மார்க் போட்டுக்கறார். கூட உட்கார்ந்த நோயாளிகள் தனியா, அவங்க பேருல, அவங்க வார்த்தையில ஒரு பக்கம் எழுதட்டும். அதை எடிட் பண்ணாம ஆய்வறிக்கையோட சேர்த்துப் போடுங்க. அவங்க இழந்த நாள் கூலியையும் பஸ் காசையும் கொடுத்தீங்களாங்கறதும் அதுல வரட்டும்.

இந்த நாலுல ஒண்ணுக்கும் ஆட்ஸ் விகிதம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் நேர்மையும் போதும். கஷ்டமானது என்னன்னா, இந்த நாலு கேள்வியும் நோயாளியைப் பரீட்சை வைக்கலை, கூப்பிட்டவரைப் பரீட்சை வைக்குது. அதனால தான் இது யாருக்கும் பிடிக்க மாட்டேங்குதுன்னு நினைக்கிறேன்.

அடுத்த தடவை யாராவது "நோயாளியைக் கூப்பிட்டு என்னத்தக் கிழிச்சீங்க?"ன்னு கேட்டா, "அவங்க சொன்னதைக் கேட்டு நீங்க எதை மாத்தினீங்க, அதை முதல்ல சொல்லுங்க"ன்னு திருப்பிக் கேளுங்க. பதில் வந்தா அது தான் மதிப்பீடு. வரலைன்னாலும் அது மதிப்பீடு தான்.

பி.கு.: மாற்றுக் கருத்து இருக்கிறவங்க தாராளமா வந்து சண்டை போடலாம், பதில் சொல்றேன். "அவங்களுக்கு என்னங்க தெரியும்?"னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. அசதின்னா என்னன்னு 2002 வரைக்கும் யாருக்குத் தெரியாம இருந்ததுன்னு மேலே எழுதியிருக்கேன். :-)